முகவரி இல்லாதவர்களின் கடிதங்கள்

கு. அழகிரிசாமி தம் நண்பர் கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் நூலாக வந்திருக்கின்றன. இருவரும் இடைசெவல் என்ற கரிசல் கிராமத்தில் பிறந்தவர்கள். இருவரும் சாகித்திய அக்காதமி விருதுக்கு உரியவர்கள். அழகிரிசாமி 1970இல் மறைந்தார். கடிதங்களைக் கி.ரா. போற்றிக் காத்திருந்தார்.

இந்நூலைப் பற்றிப் பேச்செழும்போது இலக்கிய அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "உங்கள் மலையகத்தில் இப்படி ஒரு தொகுப்பு உண்டா?" விடையையும் அவர்களே தந்துவிடுவார்கள்: "படிப்பறிவு குறைந்த மக்கள், கடிதப் பழக்கம் எப்படி இருக்கும்?"

இதனை நான் வன்மையாக மறுக்கிறேன். கி.ரா. உயர்கல்வி கற்றவரல்லர், விவசாயி. கடிதங்களைக் காப்பாற்றியது பட்டமன்று. அவருக்கென்று ஒரு வீடு இருந்தது. அதற்கு ஒரு முகவரியும் இருந்தது.

ஊவாவின் தோட்டத் தொழிலாளிக்கு இரண்டுமே வாய்க்கவில்லை. பதுளை, பசறை, ஹாலிஎல, வெலிமடைப் பகுதிகளிலிருந்து பத்திரிகைக்கு வந்த கடிதங்களைப் பல்லாண்டுகள் பிரித்துப் படித்தவன் நான். அனுப்பியவர் பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் மட்டுமே இருக்கும். பதில் தோட்ட அலுவலகத்துக்குத்தான் போகும். அங்கிருந்து எப்போது, யார் கைக்குப் போய்ச் சேரும் என்பது நிர்வாகத்தின் தயவைப் பொறுத்தது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு நாள் கடந்து கிடைத்த இளைஞர்களின் முறைப்பாடுகள் மலையகத்தில் புதியன அல்ல. அந்தரங்கமான நட்புக் கடிதத்தை எவர் துணிந்து அவ்வழியே அனுப்புவார்?

பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயருடன் இணைத்துக்கொண்டவர். ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பம் முழுவதும் அடைபட்டுக் கிடக்கும் லயத்து அவலத்தை 'மீன்கள்' சிறுகதையில் எழுதினார். அந்த அறையில் கடிதப் பெட்டிக்கு இடமேது?

கடிதத்தின் தேவையோ எவரையும்விட இம்மக்களுக்கே அதிகமாக இருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேரை இங்கே ஏற்கவும் வகைசெய்தது. அண்ணன் நீலகிரிக்குப் போனான், தம்பி பதுளையில் நின்றான். கூட்டாளிகளும் அவ்வாறே பிரிந்தார்கள். கடிதமே அவர்களிடையே எஞ்சிய பாலம்.

2022 அக்டோபர் 21இல் ஜோசப் மறைந்தார். அவருடைய தலைமுறை வேகமாக விடைபெறுகிறது. மலையகத்தின் 200 ஆண்டு நிறைவை 2023இல் மேடை போட்டு நினைவுகூர்ந்தோம், நடைபயணம் போனோம். அந்த 200 ஆண்டுகளின் கையெழுத்தைத் தேடிச் சேர்க்க என்ன செய்தோம்? 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து அச்செழுத்தின் பெரும்பகுதியைக் காத்துத் தந்திருக்கிறது. ஊவாவிலும் நீலகிரியிலும் எஞ்சியுள்ள கடிதங்களை உரியவர்களின் இசைவுடன் திரட்டுவது இயலாத காரியமன்று. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கதவைத் தட்டலாம்.

தோட்டத்து ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனி முகவரியும் நேரடித் தபால் விநியோகமும் வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கையன்று, குடியுரிமையின் எஞ்சிய பாதி. அதைக் கேட்டுக் குரல் கொடுக்காதவர்களுக்கு, மலையகத்தான் ஏன் கடிதம் எழுதவில்லை என்று கேட்கும் அருகதை இல்லை.