தக்கையும் கணக்கேடும்

சில ஆண்டுகளுக்கு முன், மும்பையில் நாம் பணியாற்றிய கிளைக்கு, கணவரை இழந்த முதிய அம்மையார் ஒருவர் தம் மகளுடன் வந்தார். கணவர் சரக்குக் கப்பலில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; நமது வங்கியின் நெடுநாள் வாடிக்கையாளர். அவருடைய லாக்கருக்கு அம்மையாரே நியமனதாரர். விதிப்படி சாட்சிகள் இருவர் முன்னிலையில் லாக்கரைத் திறந்து, உள்ளே இருந்தவற்றைப் பட்டியலிட்டோம். நகைகள், இரண்டு பத்திரங்கள், அவற்றுக்கு அடியில் பஞ்சில் பொதிந்த மரப் பொம்மைகள் பதினொன்று. ஒவ்வொரு பொம்மையின் கீழும் ஒரு தக்கை செருகப்பட்டிருந்தது. முதுகுப் பக்கத்துச் சிறு நெம்புகோலை அழுத்தினால் ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிறார். இன்னொருவர் குவளையை வாய்க்குக் கொண்டுபோகிறார். "மரப் பொம்மை பொருத்திய தக்கை, எண்ணிக்கை 11" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

"இதெல்லாம் என்ன விலை போகும், சார்?" என்று மகள் கேட்டார். பட்டியல் எடுப்பதே நமது வேலை, மதிப்பிடுவது அன்று என்று சொல்லி அனுப்பினோம். விதியின்படி அது சரியான பதில்தான். ஆயினும் அக்கேள்வி நம்மை விடவில்லை.

தேடிப் படித்ததில் தெரிய வந்தது இது. இத்தகைய தக்கைகளுக்குப் பெயர்பெற்ற இடம் இத்தாலியின் வடகோடியில், டோலமைட் மலைகளுக்கிடையே உள்ள வால் கார்டேனா பள்ளத்தாக்கு. லடின் என்னும் சிறுபான்மை மொழி பேசும் மக்கள் அங்கு வாழ்கின்றனர். பனி மூடிய மாதங்களில் உழவு இல்லாதபோது மரம் செதுக்குவது அவர்களுக்குப் பதினேழாம் நூற்றாண்டு முதல் துணைத் தொழிலாக இருந்து, பிறகு முதன்மைத் தொழிலாயிற்று. அங்கே 1912இல் ஆன்டன் ரிஃபெசர் என்பவர் தொடங்கிய நிறுவனம், அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'அன்ரி' என்று பெயர் பெற்றது. அசையும் பொம்மை பொருத்திய ஒயின் புட்டித் தக்கைகள் அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பொருள்களுள் ஒன்று. சுற்றுலாப் பயணிகளும் மாலுமிகளும் நினைவுப் பொருளாக வாங்கிச் சென்றனர். நமது பொறியாளரோ மதுவைத் தொடாதவராம். புட்டி இல்லாத வீட்டில் பதினொரு தக்கைகள்!

இங்கே ஒரு சிறு வரலாற்றுக் குறிப்பும் உண்டு. அப்பள்ளத்தாக்கு முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. 1919ஆம் ஆண்டின் செயின்ட் ஜெர்மேன் ஒப்பந்தத்தின்படியே இத்தாலிக்கு வந்தது. ஆகவே 'இத்தாலி' என்று முத்திரையோ ஒட்டுச்சீட்டோ தாங்கிய ஒரு வால் கார்டேனாப் பொம்மை, விற்பவர் எவ்வளவு பழைமை சொன்னாலும், அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஒரு சிறு சீட்டு அவ்வளவு சொல்லும். அம்மையாரிடம் பின்னர் கேட்டபோது, பொம்மைகளின் அடியில் ஏதோ காகிதம் ஒட்டியிருந்ததாகவும், அழுக்காகத் தெரிந்ததால் ஒரு பொங்கலுக்கு வீடு துப்புரவு செய்தபோது ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டதாகவும் சொன்னார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. அது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இத்தாலியப் பாத்திரங்களும் இருந்தன. மகள் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினார். ஆறு காபிக் கோப்பைகள், பூ வேலைப்பாடு, அடியில் கிரீடம் சூடிய 'என்' எழுத்து. கபோதிமோந்தே என்று கடைக்காரர் சொல்லி விற்றாராம். நேப்பிள்ஸில் போர்போன் அரசர் சார்லஸ் 1743இல் நிறுவிய கபோதிமோந்தே பீங்கான் ஆலை பதினாறு ஆண்டுகளே நடந்தது. 1759இல் அவர் ஸ்பெயினின் அரசராகச் சென்றபோது ஆலையையும் உடன் கொண்டுபோனார். அதன் முத்திரை லில்லி மலர். கிரீடம் சூடிய எழுத்தன்று. கிரீட முத்திரை பின்னர் அவர் மகன் நடத்திய ஆலைக்குரியது. அதுவும் மூடப்பட்ட பிறகு இத்தாலியிலும் வெளியிலும் பல ஆலைகள் அந்த முத்திரையைத் தாராளமாகப் பயன்படுத்தின. இன்று கபோதிமோந்தே என்பது பெரும்பாலும் ஒரு பாணியின் பெயரே. இதை அறியாமல் வாங்குவோர் அரசர் காலத்து விலையைக் கொடுத்து, நம் காலத்துக் கோப்பையைப் பெறுகின்றனர்.

முரானோ கண்ணாடியின் கதையும் ஏறக்குறைய இதுவே. வெனிஸ் நகரம் 1291இல் தன் கண்ணாடி உலைகளை முரானோத் தீவுக்கு மாற்றியது. இன்று முரானோ என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் அத்தீவில் ஊதப்பட்டவை அல்ல. அதனால்தான் வெனெத்தோ மாநில அரசு 1994இல் சட்டமியற்றித் தனி வணிகக் குறியீடு ஏற்படுத்த நேர்ந்தது.

நமது கருத்தைச் சொல்லிவிடுகிறோம். இத்தகைய பொருள்களை முதலீடு என்று எண்ணி வாங்குவது தவறு. வாங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. நமது சகாக்களில் சிலர் இதை வீண் செலவு என்பர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. மாதச் செலவும், அவசர நிதியும், காப்பீடும், ஓய்வுக்கால ஏற்பாடும் போக மிஞ்சும் தொகையில் ஒருவர் தமக்குப் பிடித்த ஒரு தட்டை வாங்கி வைத்து இருபது ஆண்டு பார்த்து மகிழ்ந்தால், அதைவிட நல்ல செலவு எத்தனை உண்டு? ஆனால் அதைச் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும். வைப்புத்தொகை வட்டி தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை அதற்கு வைப்புக் காப்பீடும் உண்டு. தக்கை வட்டி தருவதில்லை. வாங்கும்போது கப்பல் கட்டணம், சுங்க வரி, விற்கும்போது இடைத்தரகு. நடுவில் ஒரு கோப்பை உடைந்தால் மீதி ஐந்தின் மதிப்பும் சரியும். இணையத்தில் காணும் விலை, விற்பவர் கேட்கும் விலை. யாரோ கொடுத்த விலையன்று.

ஆலைகளே நிலைக்காதபோது அவற்றின் பொருள்களின் விலை நிலைக்கும் என்று யார் உறுதி சொல்வார்? ஃபுளோரன்ஸ் அருகே தோச்சாவில் 1735இல் கார்லோ ஜினோரி தொடங்கிய பீங்கான் ஆலை, 1896இல் மிலானின் ரிச்சர்ட் நிறுவனத்தோடு இணைந்து ரிச்சர்ட்-ஜினோரி ஆனது. 1920களில் கட்டடக் கலைஞர் ஜோ பொந்தி அதற்குக் கலை இயக்குநராக இருந்து வரைந்த தட்டுகளும் குடங்களும் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. அத்தனை பெருமைக்கும் பிறகு அந்நிறுவனம் 2013இல் நொடித்துப்போய், குச்சி நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன் அருங்காட்சியகத்தையோ 2017இல் இத்தாலிய அரசே வாங்கிக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. கடன் விண்ணப்பங்களை ஆராய்ந்து பழகிய நமக்கு இந்த வரலாறு புதிதாகத் தோன்றவில்லை.

பாதுகாப்பு பற்றியும் ஒரு சொல். லாக்கரில் வைத்தால் வங்கி முழுப் பொறுப்பு ஏற்கும் என்று பலர் எண்ணுகின்றனர். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை மட்டுமே. வாடகை இரண்டாயிரம் என்றால் இரண்டு லட்சம். உள்ளே என்ன இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது; அதை வங்கி காப்பீடு செய்வதும் இல்லை. வீட்டுக் காப்பீட்டிலும் கலைப்பொருள்களைத் தனியாகக் குறிப்பிட்டு மதிப்பை அறிவித்திருக்கிறோமா என்று பத்திரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. விற்கும் நாள் வந்தால் வருமான வரியும் உண்டு. சொந்த உபயோகப் பொருள்களுக்கான விலக்கு ஓவியம், சிற்பம் முதலிய கலைப்படைப்புகளுக்குப் பொருந்தாது. அப்போது வாங்கிய விலையைக் காட்டும் ரசீது கைவசம் இருக்க வேண்டும்.

ரசீது என்றதும் அந்தப் பதினொரு தக்கைகளே நினைவுக்கு வருகின்றன. கணவர் ஒவ்வொன்றையும் எங்கு, எப்போது, என்ன கொடுத்து வாங்கினார் என்பது அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. சேமிப்புக் கணக்குப் புத்தகத்தைப் பதிவு செய்யாமல் ஒரு மாதம் விடாதவர், இவற்றுக்கு ஒரு வரி எழுதி வைக்கவில்லை. தாளில் எழுதாத சேகரிப்பு வாரிசின் கையில் பொம்மையாகிறது. மூன்று பிள்ளைகள் இருந்தால் ஆறு கோப்பைகள் இரண்டிரண்டாகப் பிரிந்து, கோப்பைத் தொகுதி என்ற தகுதியையே இழக்கின்றன. நியமனதாரர் பெற்றுக்கொள்கிறாரே தவிர, வாரிசுகளுக்கு உரியதை அவர் பொறுப்பில் வைத்திருப்பவரே ஆவார் என்பதையும் பலர் அறிவதில்லை. யாருக்கு எது என்று உயிலில் எழுதியிருந்தால்தான் அந்தத் தகராறு இராது.

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். பொருளுக்கு ஒரு பக்கம். அடிமுத்திரையின் படம், வாங்கிய ஊர், ஆண்டு, கொடுத்த தொகை, விரிசலோ ஒட்டுப்போட்டதோ இருந்தால் அதுவும். ஒட்டுச்சீட்டைக் கழுவ வேண்டாம் என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதலாம்.

அடுத்த ஆண்டு லாக்கர் வாடகை செலுத்த வந்த மகள் அப்படி ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். அம்மா சொல்லச் சொல்ல அவர் எழுதியதாம். தொப்பி தூக்கும் கிழவர் ஜெனோவாவில் வாங்கியது; அந்த ஆண்டுதான் மகள் பிறந்தார், அதனால் நினைவிருக்கிறது. குவளைக்காரர் நேப்பிள்ஸ், கோப்பைகளும் அதே பயணத்தில் வந்தவை. மேலும் ஐந்துக்கு ஊர் மட்டும் தெரிந்தது. எஞ்சிய நான்கு பக்கங்களில் படத்தை ஒட்டி, கீழே 'அப்பாவுக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தார்.