அழகில்லாத பியெத்தா

பியெத்தா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மைக்கலாஞ்சலோ 1498-99ல் செதுக்கிய பளிங்குச் சிலைதான். மகனை விட இளமையாகத் தெரியும் தாய், மடியில் தூங்குவது போலக் கிடக்கும் மகன். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஜெர்மனியின் பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் ரோட்கன் பியெத்தா முதலில் அதிர்ச்சியைத்தான் தரும். 14ஆம் நூற்றாண்டில் செய்த மரச்சிலை. மூன்றடி உயரம் கூட இல்லை. இயேசுவின் தலை உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. கழுத்து ஒடிந்தது போலப் பின்னால் சாய்ந்து கிடக்கிறது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். கைகள் குச்சி மாதிரி. காயங்களிலிருந்து ரத்தம் கட்டி கட்டியாகப் புடைத்து நிற்கிறது. மரியாளின் முகத்திலோ பொறுமையான சோகம் இல்லை. "இது எப்படி நடக்கலாம்?" என்று கேட்கிற, கிட்டத்தட்ட கோபமான முகம்.

இதற்கு இரண்டு சுலபமான விளக்கங்கள் உண்டு. இரண்டுமே சரியில்லை.

முதலாவது, அந்தக் காலத்துச் சிற்பிகளுக்கு உடற்கூறு தெரியாது, கை திருந்தவில்லை என்பது. கொலோன் பேராலயத்தின் பீடப் பகுதித் தூண்களில் நிற்கும் அப்போஸ்தலர் சிலைகளைப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள். நளினமாக வளைந்த உடல், அழகாக மடிந்து விழும் ஆடை, வண்ணம், பொன்பூச்சு. அவை ரோட்கன் சிலைக்குப் பிந்தியவை அல்ல. பான் நகருக்குப் பக்கத்திலேயே அவ்வளவு நேர்த்தியாகச் செய்யத் தெரிந்த காலத்தில் ஒருவர் இப்படிச் செதுக்குகிறார் என்றால், வேண்டுமென்றே செய்கிறார் என்றுதானே அர்த்தம்?

இரண்டாவது, கொள்ளைநோய். ஐரோப்பாவில் பிணங்கள் குவிந்ததால் சிற்பங்களும் கோரமாகிவிட்டன என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கொள்ளைநோய் ஐரோப்பாவுக்குள் வந்தது 1347ல். கொலோனில் காப்பிட்டோல் மரியா ஆலயத்தில் இருக்கும் பாடுபட்ட சுரூபத்தின் காலம் 1304. அதுவும் இதே பாணிதான்: உள்ளொடுங்கிய வயிறு, துருத்தி நிற்கும் விலா, உடல் முழுக்கக் காயம். நோய்க்கு நாற்பது வருடம் முன்பே கோரம் வந்துவிட்டது!

அந்தச் சுரூபத்தின் சிலுவையைக் கவனிக்க வேண்டும். அது இரண்டு நேர்க்கட்டைகளைச் சேர்த்ததல்ல. கவட்டை போல மேல்நோக்கிப் பிரியும் மரக்கிளை. தூக்குமரம் அல்ல, உயிருள்ள மரம், வாழ்வின் மரம் என்பது குறிப்பு. ரோட்கன் சிலையின் ரத்தக் கட்டிகளும் அப்படித்தான். உற்றுப் பார்த்தால் திராட்சைக் குலை தெரியும். யோவான் நற்செய்தியில் இயேசு தன்னைத் திராட்சைக் கொடி என்கிறார். பூசையில் இரசம் அவருடைய ரத்தம். இதையெல்லாம் அன்றாடம் கேட்டவர்களுக்கு அந்தக் குலை எதற்கென்று யாரும் விளக்கத் தேவையில்லை. அருவருப்பாகத் தெரிகிற இடத்திலேயே நம்பிக்கையையும் வைத்திருக்கிறார் சிற்பி. இதைத் திறமைக் குறைவு என்பது அநியாயம்.

தாய் இறந்த மகனை மடியில் கிடத்தும் காட்சி நற்செய்தி நூல்கள் நான்கிலுமே கிடையாது. அது தியானத்திலிருந்து பிறந்தது. பெரிய வெள்ளி மாலை ஜெபத்தோடு சேர்ந்ததால் ஜெர்மன் மொழியில் இந்த வகைச் சிலைக்கு 'மாலைச் செப உருவம்' என்ற பொருளில்தான் பெயர். சிலவற்றில் இயேசுவின் உடல் குழந்தை அளவுக்குச் சிறுத்திருக்கும். தப்புக்கணக்கு அல்ல; அவள் தாலாட்டிய பிள்ளைதான் இது என்று ஞாபகப்படுத்துகிறார்கள். (மைக்கலாஞ்சலோவின் பியெத்தாவும் இந்த வடக்கத்திய மரபின் பேரப்பிள்ளைதான். அதைச் செய்யச் சொன்னவர் ஒரு பிரெஞ்சு கர்தினால்.)

அன்றைய ஜனங்கள் எல்லோரும் இந்தக் கோரத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 1305-06ல் லண்டனில் ஒரு சிற்றாலயத்தில் டீடமான் என்ற ஜெர்மானியச் சிற்பி செய்த பாடுபட்ட சுரூபம் ஒன்று வைக்கப்பட்டது. விலை 23 பவுண்டு. கூட்டம் அலைமோதியது. குறுக்குக் கட்டை உண்மையான சிலுவையின் வடிவில் இல்லை, விசுவாசிகளுக்கு இது ஆபத்து என்று லண்டன் ஆயர் ரால்ஃப் பால்டாக் அதை அகற்றச் சொன்னார். அது வெறும் அரைகுறை வேலையாக இருந்திருந்தால் அவர் ஏன் பயப்பட வேண்டும்? சிற்பி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஜனங்கள் கண்ணில் படாமல் அதிகாலையிலோ இருட்டிய பிறகோதான் கொண்டுபோக வேண்டும் என்று உத்தரவு.