வீக்கத்தின் கணக்கு

உடம்பு அவ்வப்போது திடீரென வீங்கும் பரம்பரை ஆஞ்சியோஎடிமா என்ற நோய் ஐம்பதாயிரத்தில் ஒருவருக்கு வரும் என்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 13.7 லட்சம் பேர் வாழும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு அந்தக் கணக்கில் சுமார் இருபத்தேழு பேர். இத்தனை குறைவான பேருக்காக எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதி வாய்ப்பு உண்டு; ஒருவரைக் கண்டுபிடித்தால் ஒரு குடும்பமே தெரியவரும். நோயின் சுமையை அளக்க ஜெர்மனியில் உருவாக்கிய பதினேழு கேள்விகள் உலகெங்கும் புழங்குகின்றன. கடந்த நான்கு வாரத்தில் வேலை, தூக்கம், சாப்பாடு, பயம், கூச்சம் எப்படி என்று அவை விசாரிக்கின்றன. நோயாளி வாயால் சொல்வது எப்படி அளவாகும் என்பது நியாயமான சந்தேகம்தான். ஆனால் இரண்டு மூன்று நாளில் வீக்கம் சுவடின்றி வடிந்துவிடும்; அதன்பின் டாக்டர் பார்க்க உடம்பில் என்ன மிச்சம்? அந்தக் கேள்விகளின் குறை வேறிடத்தில் இருக்கிறது. கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டுபவருக்கு அரிவாள் பிடித்த அழுத்தமே கை வீங்கப் போதும். அதனால் இழந்த கூலி எவ்வளவு என்று அந்தக் கேள்வித்தாள் கேட்பதில்லை. தொண்டை வீங்கினால் மூச்சே அடைபடும். அலர்ஜிக்குப் போடும் வழக்கமான ஊசி இதற்குக் கேட்காது. அப்படியிருந்தும், கல்வராயன் மலைக் கிராமத்தவருக்கு ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரத் தொலைவு என்ற கேள்வியும் அந்தக் கேள்வித்தாளில் இல்லை. கூலியையும் தூரத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் இங்குள்ள சுமை முழுதாகத் தெரியும்.