சிறு வீட்டுக்கு யார் பொறுப்பு?

மனையின் பரப்பு 2,500 சதுர அடிக்குள் இருந்தால், அதில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமாகவோ, அதன்மேல் ஒரு மாடி சேர்த்தோ வீடு கட்டுவோர் அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியதில்லை. 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிவைத்த சுயசான்று முறையின்படி, விதிகளுக்கு உட்பட்டே கட்டுவதாக விண்ணப்பதாரரே உறுதியளித்துக் கட்டணம் செலுத்தினால், இணையவழியில் உடனடியாக அனுமதி கிடைத்துவிடும். அனுமதிக்கு முந்தைய கள ஆய்வு இல்லை. பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை.

காலதாமதத்தையும் கையூட்டையும் குறைக்கும் எந்த ஏற்பாடும் வரவேற்கத்தக்கதே. ஆயினும், அரசு விலகிக்கொண்ட இடத்தில் இப்போது நிற்பவர் யார் என்ற கேள்வி எழுகிறது. வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஒருமுறை வீடு கட்டும் நடுத்தரக் குடும்பத்தின் தலைவர்தான் நிற்கிறார். விதிகளைப் படித்தறிய அவருக்கு நேரமில்லை. படித்தாலும் எளிதில் விளங்காது. ஆனால், கையொப்பம் அவருடையது.

இந்த இடத்தில்தான் கட்டடக் கலைஞர்கள் எனும் ஆர்க்கிடெக்ட் சமூகத்தின் பங்கு குறித்து நாம் பேச வேண்டியிருக்கிறது.

நாடாளுமன்றம் 1972-இல் இயற்றிய கட்டடக் கலைஞர்கள் சட்டத்தின்கீழ் அமைந்த கட்டடக் கலைக் குழுமத்தில் பதிவு செய்தவர்கள் மட்டுமே 'ஆர்க்கிடெக்ட்' என்று தம்மை அழைத்துக்கொள்ளலாம். ஆனால், அந்தச் சட்டம் காப்பது பட்டத்தைத்தான், பணியை அல்ல. பதிவு பெறாத ஒருவர் அப்பட்டத்தைச் சூட்டிக்கொள்ளாமல் கட்டட வடிவமைப்புப் பணியில் ஈடுபடுவதைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு தடை செய்யவில்லை என்று 2020 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. பிரிட்டனிலும் இதுவே நிலை.

அத்தீர்ப்பு கட்டடக் கலைஞர்கள் பலருக்கு ஏமாற்றம் அளித்தது. ஆனால், அது நியாயமான தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன். நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளை எழுப்பியவர்கள் கொத்தனார்களும் மேஸ்திரிகளும்தான். வரைபடம் போட்டுக் கொடுப்போரை நம்பியே சிற்றூர்களும் சிறு நகரங்களும் வளர்ந்திருக்கின்றன. அவர்கள் அனைவரையும் ஒரே நாளில் சட்டவிரோதமாக்குவது நடைமுறைக்கு ஒவ்வாது, நீதியும் ஆகாது.

எனினும், இதில் ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. பதிவு பெற்ற கட்டடக் கலைஞர் 1989-ஆம் ஆண்டின் தொழில் ஒழுக்க விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். அவர் தவறிழைத்தால் குழுமத்திடம் முறையிடலாம். விசாரணையில் தவறு உறுதியானால் பதிவேட்டிலிருந்து அவர் பெயரையே நீக்க முடியும். வரைபடத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவர்மீது இப்படி முறையிட வழியில்லை; நுகர்வோர் ஆணையத்தையோ நீதிமன்றத்தையோதான் நாட வேண்டும். அதாவது, பொறுப்பு வலுவாக உள்ளவரிடம் சாமானியர் செல்வதில்லை. செல்லும் இடத்தில் பொறுப்பு வலுவாக இல்லை.

ஏன் செல்வதில்லை? கட்டடக் கலைஞர் என்றால் பங்களாவுக்கும் வணிக வளாகத்துக்கும் உரியவர், வீட்டு முகப்பை அழகுபடுத்துபவர் என்ற எண்ணம் ஊறிவிட்டது. தூணின் பருமனையும் கம்பியின் அளவையும் கணக்கிடுவது கட்டமைப்புப் பொறியாளரின் பணி. அந்த வீட்டுக்குள் காற்றும் வெளிச்சமும் எப்படி வரும், மழைநீர் எங்கே போகும், முதியவர் படியில் இடறாமல் எப்படி நடப்பார் என்பதையெல்லாம் முன்கூட்டியே சிந்திப்பது கட்டடக் கலைஞரின் பணி.

அரை கிரவுண்டில், அதாவது 1,200 சதுர அடி மனையில், வீடு கட்டுவதாகக் கொள்வோம். மாடிப்படியையும் குளியலறையையும் மேற்குப் பக்கம் வைத்தால் மாலை வெயிலை அவை தாங்கிக்கொள்ளும்; படுக்கையறைச் சுவர் இரவெல்லாம் அனல் கக்காது. சன்னலுக்கு எதிரே இன்னொரு திறப்பு இருந்தால்தான் காற்று அறையைக் கடந்து செல்லும். இதற்கெல்லாம் கூடுதல் செங்கல் தேவையில்லை, முன்யோசனை போதும். அது தவறும்போது குளிர்சாதனப் பெட்டியின் மின் கட்டணமாக அதன் விலையை ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழகக் கட்டடக் கலைஞர்களுக்குப் பெருமைமிக்க மரபு உண்டு. சென்னை அண்ணா சாலையில் 1959-இல் திறக்கப்பட்ட 14 மாடி எல்ஐசி கட்டடம், லண்டன் கட்டடக் கலைஞர்கள் தொடங்கி நம்மூர் எல்.எம். சித்தாலே நிறைவு செய்த பணி. கிண்டியில் தொடங்கிய கட்டடக் கலைக் கல்வி இன்று மாநிலமெங்கும் பல கல்லூரிகளில் பரவியிருக்கிறது. சென்னையில் மட்டுமின்றி கோவை, மதுரை, திருச்சி போன்ற நகரங்களிலும் இத்தொழிலினருக்கு அமைப்புகள் உள்ளன. கருத்தரங்குகளும் விருது விழாக்களும் நடைபெறுகின்றன. அவை தேவையானவையே. ஆனால், விருது பெறும் வீட்டுக்கும் வீதியில் எழும் வீட்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைப்பதும் அவ்வமைப்புகளின் கடமையல்லவா?

'உழைப்புக்குரிய ஊதியம் தர மக்கள் தயாராக இல்லை; இலவச சேவையால் அலுவலகத்தை நடத்த முடியாது' என்று கட்டடக் கலைஞர்கள் கூறுவதில் உண்மை இருக்கிறது. பல லட்சம் செலவிட்டுக் கட்டும் வீட்டின் வரைபடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் தரவே யோசிப்பவர்கள் நாம். ஆனால், தனியொருவரால் இயலாததைச் செய்வதற்காகத்தானே சங்கங்கள் இருக்கின்றன?

அண்டை மாநிலமான கேரளம் வழிகாட்டியிருக்கிறது. முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், பொருளியல் அறிஞர் கே.என். ராஜ், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் உள்ளிட்டோரின் முயற்சியால் 1985-இல் திருச்சூரில் உருவான 'காஸ்ட்போர்டு' அமைப்பு, குறைந்த செலவில் தரமான வீடு என்பதை ஓர் இயக்கமாகவே வளர்த்தது. வழக்குரைஞர் தொழிலிலும் சட்டப் பணிகள் ஆணையங்களின் வழியே ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கிறது. வடிவமைப்புக்கும் அப்படியோர் ஏற்பாடு ஏன் கூடாது?

மாவட்டத்துக்கு ஓரிடத்தில், வாரம் ஒருநாள், நிர்ணயிக்கப்பட்ட குறைந்த கட்டணத்தில் ஆலோசனை வழங்கலாம். அந்தந்தப் பகுதியின் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற மாதிரி வரைபடங்களைத் தமிழ் விளக்கத்துடன் வெளியிடலாம். மேஸ்திரிகளைப் போட்டியாளர்களாகப் பார்க்காமல் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாம். சுயசான்று அளிக்கும் முன்பு வரைபடத்தை ஒருமுறை சரிபார்த்துத் தரும் சேவையை அரசுடன் இணைந்து தொடங்கலாம். கல்லூரி மாணவர்களுக்கும் இவை சிறந்த களப்பயிற்சியாக அமையும். சென்னைப் பெருநகரின் மூன்றாவது முழுமைத் திட்டம் போன்றவை குறித்தும் பொதுமக்களுக்குப் புரியும் தமிழில் இவர்கள் பேச வேண்டும்.

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தனர். அதுவும் திட்ட அனுமதி பெற்ற கட்டடம்தான். அடுக்குமாடி வேறு, சிறு வீடு வேறு என்றாலும், காகிதத்தில் கிடைக்கும் அனுமதி மட்டுமே பாதுகாப்பாகிவிடாது என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது. அனுமதியை எளிதாக்கிய அரசு, அறிவுரையையும் எளிதாக்க வேண்டும்.

'எங்களிடம் வராமல் யாரும் வீடு கட்டக் கூடாது' என்று சட்டத்தின் துணைகொண்டு சொல்லும் வாய்ப்பு கட்டடக் கலைஞர்களுக்கு இப்போது இல்லை. 'இவர்களிடம் கேட்காமல் வீடு கட்ட வேண்டாம்' என்று மக்களே சொல்லும் நிலையை உருவாக்கும் வாய்ப்பு இருக்கிறது. பட்டத்துக்குச் சட்டம் தரும் காவலைவிட அந்த நம்பிக்கை வலிமையானது.