நாகேஷும் மாஸ்டர் பிள்ளையும்

வடநாட்டுக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர் எவரும் 'படோசன்' படத்திலிருந்து தப்ப முடியாது. விடுதியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, அறைத்தோழர் ஒருவர் மெஹ்மூத் நடித்த மாஸ்டர் பிள்ளையின் குரலில் நம்மிடம் பேசிக் காட்டுவார். படம் வந்தது 1968-ல். மெஹ்மூத் மறைந்தது 2004-ல். ஆயினும் அந்தக் குடுமியும் அந்த இழுவைப் பேச்சும் இன்றும் நமக்கு முன்பாகவே விடுதிக்கு வந்து நம் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நம்மவரில் சிலர் இதற்குச் சினம் கொள்கின்றனர். சிலர் தாமும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போகின்றனர். இவ்விரண்டுக்கும் முன்னால் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரு கலவையில் எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று அறிய வேண்டுமானால், அறிவியல் மாணவர்களாகிய நாங்கள் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்போம். நகைச்சுவையையும் அப்படிச் சோதிக்கலாம். திரையுலகமே அப்படி ஒரு சோதனையைச் செய்து வைத்திருக்கிறது.

1964-ல் ஸ்ரீதர் 'காதலிக்க நேரமில்லை' எடுத்தார். படத் தயாரிப்பாளராகத் துடிக்கும் செல்லப்பாவாக நாகேஷ். பணமுடைய தந்தை விசுவநாதனாக டி. எஸ். பாலையா. மகன் தந்தைக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை அறியாத தமிழர் உண்டோ? நாகேஷ் காற்றாகிறார், கதவாகிறார், ஊளையாகிறார். ஆனால் நாம் வயிறு குலுங்கச் சிரிப்பது, நடுங்கும் பாலையாவின் முகத்தைப் பார்த்தல்லவா? கேட்பவர் நடிப்பால் சொல்பவர் உயர்ந்த காட்சி அது. அதே கதையை ஸ்ரீதரே 1966-ல் 'ப்யார் கியே ஜா' என்று இந்தியில் எடுத்தார். நாகேஷின் இடத்தில் மெஹ்மூத், பாலையாவின் இடத்தில் ஓம் பிரகாஷ். காட்சியிலிருந்து தமிழ் முழுவதும் நீங்கிற்று, சிரிப்பு நீங்கவில்லை. ஏன்? அது மகனின் கனவிலும் தகப்பனின் அச்சத்திலும் இருந்தது. அந்தக் கனவும் அச்சமும் எந்த ஊர் வீட்டிலும் உண்டு.

அதே மெஹ்மூத்தான் இரண்டாண்டு கழித்து மாஸ்டர் பிள்ளை ஆனார். இரவல் குரலில் பாடி அடுத்த வீட்டுப் பெண்ணின் மனத்தைக் கவரும் கதை அது. வங்காளத்தில் 1952-ல் 'பாஷேர் பாடி'யாகவும், தமிழில் 1960-ல் 'அடுத்த வீட்டுப் பெண்' ஆகவும் அது முன்பே வந்துவிட்டது. கதையின் வேடிக்கை இரவல் குரலில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு 'மதராஸி' கட்டாயம் தேவை என்பதில்லை. நியாயமாகச் சொல்வதானால், மெஹ்மூத்துக்கு மன்னா டே கொடுத்த குரலும், அதற்குக் கிஷோர் குமார் காட்டும் குறும்பும் எதை நீக்கினாலும் நிற்கும். அந்தப் பாட்டுக்கு நான் அடிமை. ஆனால் பிள்ளையிடமிருந்து உச்சரிப்பையும் குடுமியையும் நீக்கினால் பாத்திரம் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது என்பதே என் துணிபு.

வேற்றுப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. அதே 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியைப் பாருங்கள். அவள் பேசும் விதமே சிரிப்பூட்டும். அதை எடுத்துவிட்டாலும், நாடகக் கொட்டகையில் காலம் தள்ளும் ஒரு பெண்ணின் அன்பும் ஏக்கமும் நம் முன் நிற்கும். அப்படத்தில் நாகேஷின் வைத்தியும் அப்படியே. அவனுடைய தரகுப் புத்தி எந்த மொழியிலும் தரகுப் புத்திதான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 'நம்பள், நிம்பள்' என்று பேசும் சேட்டு எத்தனை தமிழ்ப் படங்களில் வந்து போயிருக்கிறார்! வட்டிக்கடையும் உடைந்த தமிழும் அன்றி அவருக்கு வேறு என்ன கொடுத்தோம்? அவருக்கு மனைவி உண்டா, மக்கள் உண்டா, ஊர் நினைவு உண்டா என்று எவரும் கேட்டதில்லை. தேநீர்க் கடை மலையாளியின் கதியும் ஏறத்தாழ இதுவே. தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்றார்: எள்ளல், இளமை, பேதைமை, மடமை. நான்கு வாயில்கள் இருக்க, எள்ளல் என்னும் ஒன்றின் வழியாகவே நாம் ஏன் நுழைந்துகொண்டிருக்க வேண்டும்?

இதை இப்போது எழுதக் காரணம், நம் சங்க ஆண்டு விழா நெருங்குவதே. விழா நாடகத்தில் கைதட்டல் குறையும்போதெல்லாம் அரைகுறைத் தமிழ் பேசும் ஓர் இந்திக்காரரை மேடையேற்றுவது எளிய வழி. கைதட்டலும் கிடைத்துவிடும். ஆனால் நம் அழைப்பை ஏற்று முன் வரிசையில் அமர்ந்திருக்கும் விடுதித் தோழருக்கு, அந்த நேரத்தில் நாம் மாஸ்டர் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கிறோம். அவரும் நம்மைப் போலவே புன்னகைத்துவிட்டுப் போவார்.

நாடகக் குழு நண்பர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. ஒத்திகையில் ஒருமுறை எல்லாப் பாத்திரங்களையும் நல்ல தமிழிலேயே பேசவிட்டுப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால், உச்சரிப்பைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் காட்சியை மாற்றி எழுதுங்கள். விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.