பொன்னினும் சிறந்த கல்

ஓரினத்தின் செல்வத்தை அளக்க விரும்புவார் அதன் கருவூலத்தைக் காண்பர்; அதன் உள்ளத்தை அளக்க விரும்புவார் அதன் அருங்காட்சியகத்தைக் காணல் வேண்டும். எதனை இழக்கலாகாதென்று அவ்வினம் எண்ணியதோ, அதுவே அங்குக் காக்கப்பட்டிருக்கும்.

தாய்லாந்தின் தலைநகராகிய பாங்காக்கில், பேரரண்மனைக்கு அணித்தே அந்நாட்டின் அருங்காட்சியகம் நிற்கின்றது. தம் தந்தையார் மோங்குட் வேந்தர் தொகுத்த அரும்பொருள்களைச் சூலலங்கார்ன் வேந்தர் 1874-ஆம் ஆண்டில் அரண்மனை மண்டபமொன்றில் மக்கள் பார்வைக்கு வைத்தார். 1887-இல் அத்தொகுப்பு, இரண்டாம் அரசர்க்கென்றிருந்த முன்னரண்மனைக்கு மாற்றப்பெற்றது. ஒருவர் வாழ்ந்த மாளிகை, ஒரு நாடே கற்கும் பள்ளியாயிற்று.

அங்குச் செல்வாரின் கண்ணை முதற்கண் ஈர்ப்பவை அரச குடும்பத்தாரின் இறுதி ஊர்வலத்திற்குரிய பொன்பூசிய தேர்களே. 1795-இல் செய்யப்பெற்ற பெருந்தேர் 13 டன்னுக்கு மேற்பட்ட எடையுடையது. 2017-இல் பூமிபோல் வேந்தரின் இறுதி ஊர்வலத்திலும் அது இழுக்கப்பெற்றது.

ஆயினும், அம்மாளிகையின் உயிர் பொன்னில் இல்லை. ஒரு கல்லில் இருக்கின்றது. 1833-இல், துறவியாயிருந்த மோங்குட், பழந்தலைநகராகிய சுகோதையில் கண்டெடுத்த நாற்புறக் கல்தூண் அது. இராம்காம்கேங் வேந்தரின் கல்வெட்டு எனப்படும் அது, 1292-ஆம் ஆண்டினது என்று கொள்ளப்படுகின்றது. தந்தை பெயரும் தாய் பெயரும் கூறித் தொடங்கும் அக்கல், குறையுடைய குடிமகன் வாயிலில் தொங்கும் மணியை அடிப்பின் வேந்தனே வந்து முறைசெய்வான் என்கின்றது. தமிழர்க்கு ஆராய்ச்சிமணி நினைவுக்கு வாராதிராது. 1283-இல் தாய் எழுத்தை அவ்வேந்தரே அமைத்தார் என்றும் அது கூறுகின்றது. அண்டைக் கெமர் வேந்தர்கள் வடமொழியிலும் தம் புகழைப் பொறித்துக்கொண்டனர். இக்கல்லோ தாய் மக்களின் வீட்டு மொழியிலேயே பேசுகின்றது. அதன் பெருமை அதுவே.

அப்பெருமைக்கும் ஒரு தேர்வு வந்தது. 1980-களின் இறுதியில் ஆய்வாளர் சிலர், அக்கல்வெட்டு பிற்காலத்தில் புனையப்பெற்றதோ என்று ஐயுற்றனர். ஐயுற்றவருள் தாய்லாந்து அறிஞரும் இருந்தனர். கற்றறிந்தோர் சொல்லையும் எழுத்தையும் கல்லின் மேற்பரப்பையும் ஆய்ந்து வழக்காடினர். அறிஞருட் பெரும்பாலார் அதனை உண்மையானதென்றே கொண்டனர். 2003-இல் ஒன்றிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மொழிப்பற்று ஆய்வுக்கு அஞ்சுதல் கூடாது. அஞ்சும் பற்று தன் மொழியின்மேல் தானே ஐயங்கொண்ட பற்றேயாகும்.

அத்தாய் எழுத்து கெமர் எழுத்தினின்று கிளைத்தது. கெமர் எழுத்தோ பல்லவர் காலத் தென்னாட்டு எழுத்தினின்று கிளைத்தது. இதனை ஒப்புவதால் தாய் மக்களுக்கு இழுக்கில்லை. இதனைச் சொல்லித் தருக்குவதால் தமிழர்க்கு ஆக்கமுமில்லை. கடல் கடந்த உறவுக்குச் சான்றாக அம்மண்ணில் தமிழே நேராகப் பேசும் கல்லொன்றும் உண்டு. தகுவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அது. அவனிநாரணம் என்னும் குளத்தையும், அதனைக் காக்கும் பொறுப்புடைய மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவையும் அது குறிக்கின்றது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். பொருளீட்டச் சென்ற தமிழ் வணிகர், சென்ற இடத்தில் நீர்நிலையைக் காத்துத் தம் மொழியில் எழுதியும் வைத்தனர். அக்கல் அந்நாட்டின் நக்கோன் சி தம்மராத் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வருகின்றது.

அயலார் அக்கல்லைக் காத்தனர். அதன்முன் இன்று ஒரு தமிழ் மாணவனை நிறுத்தினால் அவன் ஒரு வரியேனும் படிப்பானா? தன் பாட்டன் கையெழுத்தைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் பேரனாகத் தமிழன் இருத்தல் தகுமோ? கல்லைக் காப்பது அரசின் கடன். கல்லைப் படிக்கக் கற்பதும் கற்பிப்பதும் மக்களின் கடன். ஊர்தோறும் தமிழ் மன்றங்கள் விடுமுறை நாள்களில் பழந்தமிழ் எழுத்துப் பயிற்சியைத் தொடங்குக! உள்ளூர்க் கோயிற் சுவரே அதற்குப் போதிய பாடநூல். அச்சுவரைப் படித்தவனே கடல் கடந்து நிற்கும் கல்லையும் தன்னுடையதென்று சொல்லும் உரிமை பெறுவான்.