நடுங்குகிறவன் வைத்த கணக்கு

வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு தாத்தாவும் பேரனும் குழி தோண்டி இரண்டு பிணங்களைப் புதைக்கிறார்கள். ஒன்று தாத்தாவின் பிணம், மற்றது பேரனின் பிணம். அச்சுப்பிழை அல்ல. அவரவர் பிணத்தை அவரவரே புதைத்துவிட்டு வீட்டுக்குள் போகிறார்கள். தாத்தா சோபாவில் சாய்ந்து பீர் குடிக்கிறார். பையன் மட்டும் சாவு வீட்டுக்கு வந்துவிட்ட அயலான் போலத் தன் வீட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வசனம் இல்லை, பின்னணியில் ஒரு மெல்லிய பாட்டு ஓடுகிறது. 2014 ஜனவரி 27 அன்று அமெரிக்காவின் அடல்ட் ஸ்விம் ஒளிபரப்பிய 'ரிக் அண்ட் மார்ட்டி' தொடரின் ஆறாவது அத்தியாயம் இப்படி முடிகிறது. கார்ட்டூன் என்று உட்கார்ந்தவர்களுக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்திருக்காது.

நடந்தது இதுதான். பள்ளியில் நடன விழா. மார்ட்டி ஸ்மித்துக்கு ஜெசிகா என்ற பெண்மேல் ஆசை, நேரில் பேசப் பயம். விஞ்ஞானியான தாத்தா ரிக்கிடம் வசிய மருந்து கேட்கிறான். ஜலதோஷம் பரவும் பருவம் என்பதால் மருந்து காய்ச்சலோடு ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் பரவுகிறது. தாத்தா முறிவு மருந்து கொடுக்கக் கொடுக்க நிலைமை மோசமாகி, கடைசியில் மார்ட்டியின் குடும்பத்தைத் தவிர உலகத்து மனிதர்கள் ஏறக்குறைய எல்லோரும் உருக்குலைந்த சதைப்பிண்டங்களாகிறார்கள். ரிக் அதைச் சரிசெய்யவில்லை. வேறொரு பிரபஞ்சத்தில் இன்னொரு ரிக்கும் மார்ட்டியும் இதைச் சரிசெய்துவிட்டு, அடுத்த நிமிடமே ஒரு வெடிவிபத்தில் செத்துப்போகிறார்கள். அந்தக் காலியிடத்தில் இவர்கள் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். தாத்தாவுக்கு இது வீடு மாறுவது போல. பேரனுக்கு அப்படி இல்லை.

இந்தத் தொடரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரிக்கைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். பிரபஞ்சத்திலேயே பெரிய மூளை, குடி, ஏப்பம், கடவுள் மறுப்பு, எதற்கும் அர்த்தமில்லை என்ற சலிப்பு: கட்டுரை எழுத வசதியான ஆள். நாம் சொல்லவருவது வேறு. இது மார்ட்டியின் தொடர். அவனுடைய நடுக்கத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கெட்டிக்காரக் கிழவரின் கொட்டம் மட்டும்தான்.

மார்ட்டி போன்றவர்களுக்குத் தமிழில் மரியாதையில்லாத ஒரு நல்ல சொல் இருக்கிறது: அல்லக்கை. நாயகனுக்குப் பக்கத்தில் நிற்பவன், கேள்வி கேட்பவன், அடி வாங்குபவன். ஷெர்லாக் ஹோம்ஸுக்கு வாட்சன். பேட்மேனுக்கு 1940இல் வந்துசேர்ந்த சிறுவன் ராபின். நம் கதைகளில் விக்கிரமாதித்தனுக்குப் பட்டி இருந்தான். ஆனால் அவன் அல்லக்கை இல்லை. காடாறு மாதம் நாடாறு மாதம் என்று யோசனை சொல்லி ராஜாவின் ஆயுளையே இரட்டிப்பாக்கிய மூளைக்காரன். மேற்கத்திய சாகசக் கதைகளில் துணைச் சிறுவனுக்கு அந்த யோகம் கிடைத்ததில்லை. சாகசம் முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிட வேண்டும். தூக்கம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மார்ட்டிக்குத் தூக்கம் வருவதில்லை. முதல் அத்தியாயத்தின் முதல் காட்சியிலேயே நடுராத்திரியில் குடித்துவிட்டு வந்து அவனைப் படுக்கையிலிருந்து இழுத்துக்கொண்டு போகிறார் தாத்தா. மறுநாள் கணக்கு வகுப்பில் அவன் தூங்கி விழுகிறான்.

பெயரைப் பார்த்தாலே வம்சம் தெரியும். 2006இல் ஜஸ்டின் ராய்லண்ட் 'சேனல் 101' என்ற குறும்படப் போட்டி மேடைக்காக ஒரு சின்னப் படம் செய்தார். 1985இல் வந்த 'பேக் டு த ஃப்யூச்சர்' படத்தின் டாக் பிரவுனையும் மார்ட்டி மெக்ஃப்ளையையும் கேவலமாகக் கிண்டல் செய்யும் படம் அது. எவ்வளவு கேவலம் என்பதை இங்கே விவரிக்கப்போவதில்லை. அந்த மேடையை நடத்தியவர்களில் ஒருவரான டான் ஹார்மன், பிற்பாடு ராய்லண்டோடு சேர்ந்து அந்தக் கிண்டலைத் தொடராக வளர்த்தார். 2013 டிசம்பர் 2 அன்று அது திரைக்கு வந்தது. மூலப்படத்தின் மார்ட்டி கிடார் வாசிப்பான், ஸ்கேட்போர்டில் பறப்பான், அடுத்து வந்த பாகங்களில் கோழை என்று யாராவது சொன்னால் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். இந்த மார்ட்டி தொடைநடுங்கி. வாக்கியத்தைத் தொடங்கினால் பாதியில் திக்குவான், குரல் உடையும்.

1985ஆம் ஆண்டுப் படம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. ஊரே பைத்தியம் என்று ஒதுக்கிய ஒரு வயோதிக விஞ்ஞானிக்குப் பள்ளிக்கூடப் பையனோடு என்ன சிநேகம்? பதில் முதல் பருவத்தின் பத்தாவது அத்தியாயத்தில் வருகிறது. ரிக்கின் மூளையிலிருந்து வரும் அலைகளை வைத்து எதிரிகள் அவரைக் கண்டுபிடித்துவிட முடியும். பக்கத்தில் மார்ட்டி இருந்தால் அவனுடைய மந்தமான அலைகள் அந்த மேதை அலைகளை மறைத்துவிடும். பேரன் ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான். எல்லாப் பிரபஞ்சத்து ரிக்குகளும் ஆளுக்கொரு மார்ட்டியை இதற்காகவே வைத்திருக்கிறார்கள். அதே அத்தியாயத்தில் நூற்றுக்கணக்கான மார்ட்டிகளை ஒரு கோட்டைச் சுவரில் கட்டிவைத்துக் கேடயமாக்கியிருப்பதையும் காட்டுகிறார்கள்.

அந்தக் கோட்டையில் ஒரு மார்ட்டி மட்டும் கண்ணில் கறுப்புப் பட்டையோடு வருகிறான். தன் ரிக்கைப் பொம்மையாக இயக்கியவன் அவன்தான் என்பது கடைசியில் தெரிகிறது. ஈவில் மார்ட்டி என்று ரசிகர்கள் அழைக்கும் இவன் 2017இல், பல பிரபஞ்சத்து ரிக்குகள் கூடி வாழும் நகரத்தில் தேர்தலில் நின்று ஜெயிக்கிறான். 2021இல், ஐந்தாம் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில், அந்த நகரத்தையே அழித்துவிட்டு வெளியேறுகிறான். எதை விட்டு வெளியேறுகிறான் என்பதில்தான் எழுத்தாளர்களின் திறமை. ரிக்கே உலகின் பெரிய அறிவாளியாக இருக்கும் பிரபஞ்சங்களை மட்டும் பிரித்தெடுத்து, ரிக்குகள் சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். மற்றப் பிரபஞ்சங்கள் வேலிக்கு அப்பால். மேதையின் முடிவற்ற உலகம் என்று நாம் ஐந்து பருவங்களாக வாய்பிளந்து பார்த்தது, தோற்றுப்போகாமலிருக்க அவரே கட்டிய குட்டிச்சுவர். பையன் ஒருவன் அதை உடைத்துக்கொண்டு போகிறான். நம் மார்ட்டி உள்ளேயே தங்கிவிடுகிறான்.

அவன் ஏன் தங்குகிறான், அவனுடைய நடுக்கம் எதனால் ஆனது என்பதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு அத்தியாயம் போதும். மூன்றாம் பருவத்தின் ஆறாவது, 2017 ஆகஸ்டில் வந்தது. ஆறு நாள் சாகசத்தை முடித்துவிட்டு இருவரும் நொறுங்கிப்போய் வருகிறார்கள். ஓய்வுக்காக ஒரு வேற்றுக்கிரக ஸ்பாவுக்குப் போகிறார்கள். உடலிலும் மனதிலும் உள்ள நச்சையெல்லாம் உறிஞ்சி எடுக்கும் எந்திரம் அங்கே இருக்கிறது. வெளியே வரும் மார்ட்டி திக்குவதில்லை. நிமிர்ந்து நடக்கிறான், ஜெசிகாவை நேரில் கூப்பிடுகிறான், உணவகத்தில் மூச்சுவிடாமல் பேசுகிறான். அவள் சலித்துப்போய்க் கிளம்பினால் கவலையே இல்லை. அந்த இரவே இன்னொருத்தியோடு பேச்சு. இதற்கிடையில், எந்திரம் பிரித்தெடுத்த நச்சு ரிக்கும் நச்சு மார்ட்டியும் ஒரு சேற்றுத் தொட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். அந்த மார்ட்டி கூனிக்குறுகி, அழுது, தன்னையே திட்டிக்கொண்டிருக்கும் ஜீவன்.

எந்திரத்துக்கு எது நச்சு என்று தானாகத் தெரியாது. உள்ளே போகிறவர் எதை நச்சு என்று நினைக்கிறாரோ அதையே அது எடுக்கும். பேரன்மேல் உள்ள பாசத்தைத் தனக்குப் பிடித்த நோய் என்று ரிக் நினைத்திருக்கிறார். அது தொட்டிக்குள் போய்விடுகிறது. மார்ட்டி எதை நினைத்திருக்கிறான்? பயத்தை, வெட்கத்தை, குற்றவுணர்வை. அவை போனதும் கூடவே மனசாட்சியும் போய்விடுகிறது. நச்சு நீங்கிய மார்ட்டி பழையபடி ஆக மறுத்து ஓடிப்போய், நியூயார்க்கில் பங்குத் தரகனாகி, உயர்ந்த கட்டடத்தில் சொகுசாக வாழ்கிறான். பதினான்கு வயதில்! வேலைக்கு எந்தத் தடையும் இல்லை என்பதுதான் நகைச்சுவை. தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்புகள் கனவு காணும் பிள்ளை இவன். அவனோடு ஐந்து நிமிடம் உட்கார முடியாது.

பதற்றப்படும் பிள்ளைகளை நாம் வைத்தியரிடமும் சாமியாரிடமும் கூட்டிப்போவதைக் குறை சொல்லவில்லை. தேவையான சமயத்தில் போகத்தான் வேண்டும். ஆனால் மார்ட்டியின் பதற்றத்தில் பாதி, அவன் பார்த்தவற்றை மறக்காததால் வருவது. ஒரு உலகமே தன்னால் அழிந்தது என்று தெரிந்தவனுக்குக் கை நடுங்காமல் வேறென்ன செய்யும்? கணக்கு வகுப்பில் தூங்கி விழும் பையன் அந்த வீட்டில் ஒரு கணக்கை மட்டும் ஒழுங்காக வைத்திருக்கிறான்: யார் யார் செத்தார்கள் என்ற கணக்கு.

நான்காம் பருவத்தில், 2020 மே மாதம் வந்த அமிலத் தொட்டி அத்தியாயம் இதையே வேறு வழியில் சோதிக்கிறது. வீடியோ கேமில் உயிர் போனால் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம் அல்லவா, அப்படி வாழ்க்கைக்கு ஒரு ரிமோட் கிடைக்கிறது மார்ட்டிக்கு. அவமானப்பட்டால் அழுத்து, அடி விழுந்தால் அழுத்து. நடுவில் ஒரு காதல் வருகிறது, சில நிமிடங்கள் வசனமே இல்லாமல். விமான விபத்தில் பனிமலையில் சிக்கிச் சாகக் கிடக்கும்போதுகூட அவன் பொத்தானை அழுத்தாமல் தாங்கிக்கொள்கிறான். அழுத்தினால் அந்தப் பெண் இல்லாமல் போய்விடுவாள். பிழைத்து வீடு திரும்பியதும் அப்பா ஜெர்ரி அதை டிவி ரிமோட் என்று நினைத்து அழுத்திவிடுகிறார். முடிந்தது. பிறகுதான் தாத்தா உண்மையைச் சொல்கிறார். ஒவ்வொரு அழுத்தத்திலும் காலம் பின்னால் போகவில்லை. பக்கத்துப் பிரபஞ்சத்து மார்ட்டியைக் கொன்று அவனுடைய இடத்தில் இவன் நின்றிருக்கிறான். பேரன் தன்னுடைய அமிலத் தொட்டி யோசனையைக் கிண்டல் செய்தான் என்பதற்காகத் தாத்தா புகட்டிய பாடமாம் இது. இந்த அத்தியாயத்துக்கு எம்மி விருது கிடைத்தது. சரியான தீர்ப்பு.

இதற்கு முந்தைய எம்மி விருது, 2018இல், 'பிக்கிள் ரிக்' அத்தியாயத்துக்குக் கிடைத்தது. அதைப் பற்றி எங்களுக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. மனநல ஆலோசகரிடம் போவதைத் தவிர்க்க ரிக் தன்னை ஊறுகாய் வெள்ளரிக்காயாக மாற்றிக்கொள்கிறார், சாக்கடையில் விழுகிறார், எலிகளைக் கொன்று கைகால் செய்துகொள்கிறார். பிரமாதமான அனிமேஷன்தான். உலகம் நினைவில் வைத்திருப்பதும் அந்த வெள்ளரிக்காயைத்தான். ஆனால் குடும்பம் எதற்காக ஆலோசகரிடம் போனது? மார்ட்டி வகுப்பில் உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். அக்கா சம்மர் பள்ளியில் பூச்சு ரசாயனத்தை முகர்ந்து போதையேற்றிக்கொண்டாள். திரும்பி வரும் காரில், அந்த ஆலோசகரிடம் மறுபடி போகலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அம்மா பெத்தும் தாத்தாவும் காதில் வாங்காமல் எங்கே போய்க் குடிக்கலாம் என்று சிரித்துப் பேசுகிறார்கள். இந்தக் காரின் பின்சீட்டுக்குத்தான் விருது கொடுத்திருக்க வேண்டும்.

ரசிகர்களும் முன்சீட்டில்தான் ஏறிக்கொண்டார்கள். மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் ரிக் 1998இல் மெக்டொனால்ட்ஸ் விற்ற செச்சுவான் சாஸை நினைத்து ஏங்குவார். 2017 அக்டோபர் 7 அன்று அந்த நிறுவனம் ஒரே ஒரு நாள் அதை மறுபடி கொடுத்தபோது, கிடைக்காதவர்கள் கடைகளில் கத்திக் கூச்சல் போட்டார்கள். கவுன்டரில் நின்று திட்டு வாங்கியவர்களை நினைத்துப் பார்த்தால், அவர்கள்தான் அன்றைய மார்ட்டிகள்.

தொடரை உண்டாக்கியவர்கள்மேலும் குறை உண்டு. முதல் பருவத்தின் ஐந்தாவது அத்தியாயத்தில் ஒரு விடுதிக் கழிப்பறையில் மார்ட்டிமேல் பாலியல் தாக்குதல் நடக்கிறது. போராடித் தப்பித்து வெளியே வருகிறான். தாத்தா பார்த்ததுமே புரிந்துகொண்டு எதுவும் கேட்காமல் அவனை அங்கிருந்து அழைத்துப்போகிறார். கடைசியில் குற்றவாளியைச் சத்தமில்லாமல் சுட்டுக்கொல்கிறார். அந்த அளவுக்கு அடக்கமாக எழுதத் தெரிந்தவர்கள், பின்னால் வந்த பருவங்களில் அவன் படும் பாட்டை வாராவாரம் வரும் வேடிக்கையாக்கிவிட்டார்கள். அவனுக்கு வேண்டாத நினைவுகளைத் தாத்தா உருவியெடுத்துக் குழாய்களில் அடைத்து வைத்திருக்கும் அத்தியாயத்தைப் பார்க்கும்போது, எழுத்தாளர்களும் அதையேதான் செய்கிறார்களோ என்று தோன்றுகிறது.

ஆறு பருவங்கள்வரை ரிக்குக்கும் மார்ட்டிக்கும் ராய்லண்டே குரல் கொடுத்தார். அதட்டலும் திக்கலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தன. 2023 ஜனவரியில், அவர்மேல் குடும்ப வன்முறை வழக்கு இருப்பது வெளியே வந்தபின், அடல்ட் ஸ்விம் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. வழக்கு அந்த மார்ச்சில் கைவிடப்பட்டது. ஏழாம் பருவத்திலிருந்து மார்ட்டிக்கு ஹாரி பெல்டன், ரிக்குக்கு இயன் கார்டோனி. அந்தப் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் மார்ட்டி பயத்தின் குழி ஒன்றில் குதிக்கிறான். அவனுக்குள் கடைசியாகக் கிடக்கும் பயம் பேயும் பிசாசும் அல்ல. தாத்தாவுக்குத் தான் தேவைப்படவில்லையோ என்பதுதான்.

இந்தத் தொடரைப் பார்த்திராத வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் பருவத்தின் ஆறாவது அத்தியாயத்தையும் எட்டாவதையும் மட்டுமாவது அடுத்தடுத்துப் பாருங்கள். எட்டாவதில், தான் பிறக்காமலிருந்தால் பெற்றோர் நன்றாக இருந்திருப்பார்கள் என்று தெரிந்து சம்மர் வீட்டைவிட்டுப் போக மூட்டை கட்டுகிறாள். மார்ட்டி அவளை ஜன்னலருகே கூப்பிட்டு, கொல்லையில் உள்ள அந்தக் குழியைக் காட்டி, அதில் கிடப்பது நான்தான் என்கிறான். அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறான். திக்காமல் சொல்கிறான். பிறகு டிவி பார்க்கக் கூப்பிடுகிறான். அவள் போகாமல் தங்கிவிடுகிறாள். வீட்டில் பதினான்கு வயதுப் பிள்ளை இருந்தால் சேர்ந்து பார்க்கலாமா என்று யோசிக்க வேண்டாம். பிள்ளை ஏற்கெனவே பார்த்திருக்கும். எந்தக் காட்சி பிடித்தது என்று மட்டும் கேளுங்கள், பதில் வரும்வரை இடையில் பேசாதீர்கள்.